மக்கிப் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது

"மண்ணுல பட்டதும் மருந்து செத்துடும் சார்."

களைக்கொல்லி விற்கும் கடையில் இதைச் சொல்கிறார்கள். தெளிக்க வரும் ஆள் இதைச் சொல்கிறார். இப்போது நம்மைப் போன்ற ஓய்வூதியக்காரர்களும், மாலையில் கடற்கரைச் சாலையில் நடக்கும்போது, தாங்களே சோதித்துப் பார்த்ததுபோல ஒருவருக்கொருவர் இதைச் சொல்லிக்கொள்கிறோம். காலி மனையில் கோரையும் பார்த்தீனியமும் இடுப்பளவு வளர்ந்துவிட்டதா? ஆளை விட்டு இரண்டு டேங்க் அடி. பத்துப் பதினைந்து நாளில் கருகிவிடும். மண்ணுக்கு ஒன்றும் ஆகாது, கிணற்றுக்கும் ஒன்றும் ஆகாது.

இந்தச் சமாதானம் தவறு என்று சொல்வதற்குத்தான் இந்தப் பதிவு. நான் வேளாண் பட்டதாரி அல்லன். கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்ற எழுத்தர். ஆனால் ஒரு கோப்பு உண்மையிலேயே முடிந்ததா, அல்லது பக்கத்துப் பிரிவுக்குத் தள்ளிவிட்டு 'முடிவுற்றது' என்று பதிவேட்டில் எழுதிவிட்டார்களா என்று கண்டுபிடிப்பதே என் பிழைப்பாக இருந்தது. களைக்கொல்லி விஷயத்திலும் நடப்பது அதுதான்.

முதலில் எதிர்த்தரப்புக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடுகிறேன். களைக்கொல்லி மண்ணில் சிதைவது உண்மை. மூன்று வழிகளில் சிதைகிறது. மேல்பரப்பில் கிடப்பதை வெயில் உடைக்கிறது. மண்ணின் ஈரமும் புளிப்புத் தன்மையும் சில மருந்துகளை மெல்லக் கரைத்து உடைக்கின்றன. எல்லாவற்றையும் விடப் பெரிய வேலையைச் செய்பவை நுண்ணுயிர்கள். ஒரு பிடி நல்ல வயல் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் இருக்கின்றன. மருந்தின் மூலக்கூறை அவை துண்டு துண்டாகக் கடித்துத் தின்கின்றன. இதெல்லாம் நடக்கவில்லை என்றால் இத்தனை ஆண்டு அடித்த மருந்துக்கு உலகமே மொட்டைத் திடலாகியிருக்கும்.

ஆனால் அந்த நுண்ணுயிர்கள் வேலை செய்ய ஈரம் வேண்டும், காற்று வேண்டும், தின்பதற்கு மக்கிய இலைதழை வேண்டும். அவை பெரும்பாலும் மேல்மண்ணில், சுமார் ஒரு அடிக்குள்தான் குடியிருக்கின்றன. அதற்குக் கீழே போகப் போக ஆள் குறைகிறது, வேலையும் குறைகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாமே இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

விஞ்ஞானிகள் மருந்தின் ஆயுளை 'அரை ஆயுள்' என்று அளக்கிறார்கள். பிரெஞ்சில் 'தெமி-வீ' என்பார்கள். போட்ட மருந்தில் பாதி காணாமல் போக எத்தனை நாள் ஆகிறதோ அதுதான் அரை ஆயுள். கடைக்காரர் இதைத்தான் எங்கேயோ கேட்டுவிட்டு, "அறுபது நாளில் போய்விடும்" என்கிறார். இதில் மூன்று தவறுகள் இருக்கின்றன.

முதல் தவறு, பாதியை முழுசாக எண்ணுவது. கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் போடும் அட்ரசினை எடுத்துக்கொள்வோம். அதற்குப் புத்தகங்கள் கொடுக்கும் சராசரி அரை ஆயுள் சுமார் 60 நாள். 100 கிராம் போட்டால் 60 நாளில் 50 கிராம் மிச்சம். 120 நாளில் 25. 240 நாள், அதாவது எட்டு மாதம் கழித்தும் 6 கிராம் கிடக்கும். அதற்குள் அடுத்த பயிருக்கு அடுத்த டேங்க் தயாராகிவிடும்.

இரண்டாவது தவறு, அந்த எண் எங்கே பிறந்தது என்று கேட்காமல் விடுவது. பெரும்பாலான எண்கள் ஆய்வுக்கூடத்தில், அளவான ஈரமும் நிலையான வெப்பமும் வைத்து, உயிருள்ள மண்ணில் எடுக்கப்பட்டவை. "நம்ம ஊர் வெயிலுக்குச் சீக்கிரம் போய்விடும்" என்று ஒரு வாதம் உண்டு. ஈரமும் சூடும் சேர்ந்திருந்தால் அது சரி. ஆனால் சித்திரை வைகாசியில் காய்ந்து பாளம் பாளமாகக் கிடக்கும் மனையில் எந்த நுண்ணுயிர் விழித்திருக்கிறது? நம் வயல்கள் பலவற்றில் கரிமச் சத்து அரை சதவீதம்கூடத் தேறுவதில்லை. காலி மனையில் கொட்டியிருக்கும் கட்டட இடிபாட்டு மண்ணில் அதுவும் கிடையாது.

மூன்றாவது தவறுதான் பெரியது. வயலில் எடுக்கும் கணக்குகளில் 'சிதைந்தது' என்று எழுதுவதில்லை, 'மறைந்தது' என்றுதான் எழுதுகிறார்கள். அந்த இடத்து மண்ணை மறுபடி அள்ளிச் சோதித்தபோது மருந்து குறைந்திருந்தது, அவ்வளவுதான். அது உடைந்துபோயிருக்கலாம். ஆவியாகிப் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கலாம். மழைநீரோடு ஓடி வாய்க்காலில் சேர்ந்திருக்கலாம். நேராகக் கீழே இறங்கி நிலத்தடி நீரில் கலந்திருக்கலாம். எல்லாமே 'மறைந்தது' என்ற ஒரே கணக்கில் வருகின்றன. கடைக்கு வரும்போது அந்தச் சொல் 'செத்துவிட்டது' என்று மொழிபெயர்க்கப்படுகிறது. என் மேசையை விட்டுக் கோப்பு போனது என்பதற்காக அது முடிந்துவிட்டது என்று எந்த மேலதிகாரியும் ஒப்புக்கொண்டதில்லை. மண் விஷயத்தில் மட்டும் நாம் எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம்.

கீழே இறங்குவது எப்படி என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், வீட்டுக் காபி பில்டர் போதும். மேலே தூள், அதன்மேல் வெந்நீர். தூள் மேலேயே நிற்கிறது, சாறு சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்குகிறது. தூளோடு ஒட்டிக்கொள்வது தங்கும், நீரோடு போக விரும்புவது இறங்கும். களைக்கொல்லிகளிலும் இந்த இரண்டு இனமும் உண்டு. களிமண்ணையும் மக்கையும் இறுகப் பிடித்துக்கொள்பவை ஒரு இனம். பிடிமானம் இல்லாமல் மழைநீரோடு இறங்குபவை மற்றொரு இனம்.

டேவிட் கஸ்டாப்சன் என்பவர் 1989-ல் இதற்கு ஒரு எளிய மதிப்பெண் முறையை வெளியிட்டார். மருந்தின் அரை ஆயுள், மண்ணோடு ஒட்டும் தன்மை, இந்த இரண்டையும் வைத்து ஒரு எண் வரும். 2.8-க்கு மேல் வந்தால் அது நிலத்தடிக்கு இறங்கும் இனம். 1.8-க்குக் கீழே வந்தால் இறங்காத இனம். அட்ரசினுக்கு 3-க்கு மேல் வருகிறது. இந்த கஸ்டாப்சன் பசுமை இயக்கத்துக்காரர் அல்லர். மான்சான்டோவில் வேலை பார்த்தவர். மருந்து தயாரித்த தரப்புக்கே 1989-லேயே இது தெரிந்திருக்கிறது. நம் கடைக்காரருக்குத்தான் இன்னும் செய்தி வந்து சேரவில்லை.

"நாங்கள் அடிப்பது அட்ரசின் இல்லை, கிளைபோசேட். அது மண்ணோடு ஒட்டிக்கொள்ளும் இனம்" என்று விவரம் தெரிந்த அன்பர்கள் சொல்வார்கள். சரிதான். கஸ்டாப்சன் கணக்கில் கிளைபோசேட்டுக்குப் பூஜ்யத்துக்கும் கீழே வருகிறது. ஆனால் அது எதோடு ஒட்டிக்கொள்கிறது? களிமண்ணோடும், மண்ணிலுள்ள இரும்பு, அலுமினியச் சேர்மங்களோடும். சிமெண்டுத் தரையில் அடித்தால் எதோடு ஒட்டும்? ஜல்லியில் அடித்தால்? கல் பதித்த முற்றத்து இடுக்கில் அடித்தால்? அங்கே பிடித்துவைக்க எதுவும் இல்லை, தின்ன நுண்ணுயிரும் இல்லை. முதல் மழையில் அப்படியே சாக்கடைக்குப் போகும். சாக்கடை எங்கே போகிறது என்று புதுச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

களிமண்ணில் அடித்தாலும் கதை முடிவதில்லை. ஐப்பசி அடைமழையில் அந்தக் களிமண்ணே கரைந்து ஓடுகிறது, ஒட்டியிருக்கும் மருந்தும் அதோடு பயணம் போகிறது. கோடையில் வெடித்த நிலத்தில் மழை விழுந்தால் நீர் மண்ணுக்குள் ஊறி இறங்குவதில்லை, வெடிப்பு வழியாக நேரே பாய்கிறது. மண்புழு வளையும் அப்படித்தான். வடிகட்டும் வேலை நடக்க நேரமே கிடைப்பதில்லை. இன்னொன்று, கிளைபோசேட் பிடித்துக்கொள்ளும் அதே இடங்களுக்குப் பாஸ்பேட் உரமும் போட்டி போடுகிறது. உரம் அதிகமான மண்ணில் மருந்தின் பிடி தளர்கிறது.

அப்புறம் பிள்ளைகள் விஷயம். நுண்ணுயிர்கள் கிளைபோசேட்டைக் கடித்தால் அது இல்லாமல் போவதில்லை, ஆம்பா என்ற இன்னொரு பொருளாக மாறுகிறது. அது தாயைவிட அதிக நாள் மண்ணில் தங்கும். அட்ரசினும் அப்படியே. அது உடையும்போது டீஎத்தில் அட்ரசின் என்ற பொருள் வருகிறது. அது தாயைவிட மண்ணில் குறைவாக ஒட்டும், அதனால் இன்னும் சுலபமாகக் கீழே இறங்கும். "சிதைந்துவிட்டது" என்று நாம் நிம்மதியடையும் அந்த நிமிடத்தில்தான் அது கிணற்றுக்குப் புறப்படுகிறது.

இதெல்லாம் காகிதக் கணக்கு என்று தோன்றினால், கணக்கு நிஜமான ஒரு நாட்டைப் பார்ப்போம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் அந்நாட்டுப் பத்திரிகைகளைப் படிக்கும் பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை. அங்கே 1960-களிலிருந்து மக்காச்சோள வயல்களில் அட்ரசின் கொட்டினார்கள். 2001-ல் தடை அறிவித்தார்கள். 2003 செப்டம்பர் முடிவோடு உபயோகம் நின்றது. இருபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. 60 நாள் அரை ஆயுள் கணக்குப்படி ஒரு துளி மிஞ்சியிருக்கக் கூடாது. ஆனால் இன்றும் பிரான்சின் நிலத்தடி நீரில் அடிக்கடி அகப்படும் பொருள்களில் அட்ரசினும் அதன் பிள்ளை டீஎத்தில் அட்ரசினும் இருக்கின்றன.

ஏன்? அந்த 60 நாள் மேல்மண்ணின் கணக்கு. ஒரு அடியைத் தாண்டி இறங்கிய மருந்து இருட்டுக்கும் குளிருக்கும் போய்விடுகிறது. அங்கே வெயில் இல்லை, நுண்ணுயிர் குறைவு, காற்று குறைவு. உடைப்பதற்கு ஆளில்லை. பாரிசைச் சுற்றியுள்ள சுண்ணாம்புப் பாறை நிலத்தில் நீர் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் இறங்குகிறது. தாத்தா அடித்த மருந்தைப் பேரன் குடிக்கிறான் என்பது அங்கே வெறும் பேச்சு அல்ல.

அங்கே நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வட பிரான்சில் சர்க்கரைப் பீட்ரூட் வயல்களுக்குப் பல ஆண்டுகள் குளோரிடசான் என்ற களைக்கொல்லியைப் போட்டார்கள். அதன் உபயோகம் நின்ற பிறகுதான் அதன் சிதைவுப் பொருள்களைக் குடிநீரில் தேடத் தொடங்கினார்கள். தேடியதும் ஊர் ஊராக அகப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்த ஊர்களின் நீர் 'நல்ல நீர்' என்றே சான்று பெற்றிருந்தது. நீர் மாறவில்லை, தேடும் பட்டியல்தான் மாறியது.

எஸ்-மெட்டோலாகுளோர் கதையும் அதே. அதன் சிதைவுப் பொருள்கள் நிலத்தடி நீரில் வரம்பு மீறுகின்றன என்று 2023-ல் ஆன்செஸ் எனப்படும் பிரெஞ்சு அரசுப் பாதுகாப்பு முகமை அதன் முக்கிய உபயோகங்களை ரத்துசெய்யக் கிளம்பியது. வேளாண் அமைச்சரே பெரிய விவசாயச் சங்கத்தின் மாநாட்டு மேடையில் நின்று, முடிவை மறுபரிசீலனை செய்யும்படி முகமையைக் கேட்டார். முகமை அசையவில்லை, ஏப்ரலில் ரத்தை உறுதிசெய்தது. அமைச்சர் சொன்ன பிறகும் ஒரு கோப்பு அதே குறிப்போடு மேசையை விட்டு நகர்ந்ததைப் படித்தபோது, முன்னாள் எழுத்தனாக எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

இனி நம் ஊர். நமக்குக் குடிநீர் மேட்டூரிலிருந்து வரவில்லை, வீராணத்திலிருந்தும் வரவில்லை. நம் காலடியிலிருந்து வருகிறது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரப்பாளையத்து ஊற்று நீரை நகருக்குக் கொண்டுவந்ததற்கு நினைவாக நிற்கிறது பாரதி பூங்காவின் ஆயி மண்டபம். அன்று முதல் இன்று வரை இந்த ஊர் நிலத்தடி நீரைக் குடித்தே வாழ்கிறது. மேலே என்ன இருக்கிறது? காலாப்பட்டுப் பக்கம் செம்மண்ணும் மணற்பாறையும். பாகூர், அரியாங்குப்பம் பக்கம் ஆற்று வண்டல். கடலோரம் வெறும் மணல். நீர் சுலபமாக இறங்கும் மண் என்பதால்தான் நமக்குக் கிணறுகளில் நீர் ஊறுகிறது. நீருக்குத் திறந்திருக்கும் கதவு மருந்துக்கு மட்டும் மூடியிருக்குமா?

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஏக்கருக்கு 400 கிராம் அட்ரசின் போடுவது வழக்கமான அளவுக்குள்தான். அதில் நூற்றில் ஒரு பங்கு, 4 கிராம் மட்டும், கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏக்கரில் ஆண்டு மழையில் 10 சென்டிமீட்டர் நீர் நிலத்தடிக்குப் போகிறது என்றால் அது சுமார் 4 லட்சம் லிட்டர். நாலு கிராமை 4 லட்சம் லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வருகிறது. இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 அட்ரசினுக்கு அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். ஐரோப்பாவில் எந்தக் களைக்கொல்லியானாலும் 0.1 மைக்ரோகிராம்தான். மற்ற வயல்களிலிருந்து வரும் நீர் இதை நீர்க்கச் செய்யும், உண்மை. ஆனால் மற்ற வயல்களிலும் அதையே அடித்திருந்தால்?

உலக சுகாதார நிறுவனம் அட்ரசினுக்குச் சொல்லும் அளவு இதைவிட மிகப் பெரியது, 100 மைக்ரோகிராம். இதை எடுத்துக்காட்டி என்னை மடக்கலாம் என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். ஐரோப்பாவின் 0.1 என்பது 'இதற்கு மேல் போனால் நோய் வரும்' என்ற எல்லை அல்ல. 'குடிநீரில் இது இருக்கவே கூடாது' என்று 1980-ல் எடுத்த ஒரு கொள்கை முடிவு. எனக்கு அந்தக் கொள்கை பிடித்திருக்கிறது. நான் குடிக்கும் நீரில் என்னைக் கேட்காமல் இன்னொருவர் மருந்து கலக்கக் கூடாது. அது நோய் தருமா தராதா என்பது அடுத்த கேள்வி. கிளைபோசேட் புற்றுநோய் தருமா என்ற சண்டையிலும் நான் நுழையவில்லை. 2015-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 'தரக்கூடும்' என்றது, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். எனக்கு நீர் போதும்.

நம் சட்டங்களைப் பார்ப்போம். ஐ.எஸ். 10500 பட்டியலில் அட்ரசின் இருக்கிறது, பியூட்டாகுளோர் இருக்கிறது, 2,4-டி இருக்கிறது. ஊரெல்லாம் அடிக்கும் கிளைபோசேட் இல்லை. ஆம்பாவும் டீஎத்தில் அட்ரசினும் இல்லை. அதாவது பிரான்ஸ் கண் திறப்பதற்கு முன் இருந்த இடத்தில் நாம் இப்போது நிற்கிறோம். 2020 மே மாதம் மத்திய அரசு 27 பூச்சி, களை மருந்துகளைத் தடைசெய்ய ஒரு வரைவு வெளியிட்டது. அட்ரசின், பியூட்டாகுளோர், 2,4-டி, டையூரான் எல்லாம் அதில் இருந்தன. 2023-ல் தடை ஆணை வந்தபோது பட்டியல் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்த 27-ல் இருந்த களைக்கொல்லி ஒன்றுகூடத் தடையாகவில்லை. 2022 அக்டோபரில் இன்னொரு ஆணை வந்தது. கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே தெளிக்கலாம் என்றது. மனிதருக்கும் விலங்குகளுக்கும் ஆபத்து உண்டு என்று அரசே காரணம் எழுதியது. உற்பத்தியாளர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கடையில் விற்பனை எப்போதும்போல நடக்கிறது.

சென்ற ஐப்பசியில் எங்கள் தெருவில் நடந்தது இது. பக்கத்து மனைக்காரர் வெளியூரில் இருக்கிறார். ஆள் அனுப்பி மருந்தடித்தார். அன்று காலையே வானம் கறுத்திருந்தது. "தம்பி, மழை வரும்போல இருக்கே, இன்னொரு நாள் அடிக்கக் கூடாதா?" என்றேன். "ஒண்ணும் ஆவாது அய்யா, மண்ணுல பட்டா செத்துடும்" என்றார். கையில் உறை இல்லை, முகத்தில் துணி இல்லை. டேங்கில் என்ன என்று கேட்டதற்கு, கடையில் இரண்டு மருந்தைக் கலந்து கொடுத்தார்கள் என்றார், பெயர் தெரியவில்லை. அன்று இரவு நல்ல மழை. மனையின் தாழ்ந்த மூலையில் நீர் குளம் கட்டி நின்றது. அந்த மூலையிலிருந்து பதினைந்து அடியில் மூன்று வீட்டுக்குப் பொதுவான போர் இருக்கிறது. அந்தத் தம்பியை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கு அன்றைய கூலி. வெளியூரிலிருந்து தொலைபேசியில் உத்தரவு போட்டவரைத்தான் சொல்கிறேன். அவர் நம்மைப் போன்றவர்தான், ஓய்வூதியம் வாங்குபவர், செய்தித்தாள் படிப்பவர்.

"வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறது, கவலை இல்லை" என்பார்கள். ஆர்.ஓ. இதில் பெரும்பகுதியை வடிகட்டும், மறுக்கவில்லை. ஆனால் வடிகட்டி ஒதுக்கிய நீரை எங்கே விடுகிறீர்கள்? திரும்ப அதே மண்ணில். ஆர்.ஓ. இல்லாத வீட்டுப் பிள்ளை எதைக் குடிக்கும்? மாடு எதைக் குடிக்கும்? இன்னும் சிலர் டி.டி.எஸ். கருவியை நீரில் விட்டுப் பார்த்து, "எண் நன்றாக இருக்கிறது" என்கிறார்கள். அது உப்பை அளக்கும் கருவி. அது காட்டும் எண் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பது. நாம் பேசுவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதில் இது தெரியாது.

"விவசாயி என்ன செய்வான்? களை எடுக்க ஆள் கிடைக்கிறதா?" என்பதுதான் எல்லோரும் கடைசியில் எடுக்கும் ஆயுதம். நியாயமான கேள்வி. களையெடுக்கும் பெண்கள் குறைந்துவிட்டார்கள், கூலியும் ஏறிவிட்டது, தருணம் தப்பினால் விளைச்சல் போய்விடும். அளவோடு, தருணம் பார்த்து, மழை பார்த்து அடிக்கும் விவசாயியோடு எனக்கு இன்று சண்டை இல்லை. அவர் நெல் கொடுக்கிறார், அவர் வயலில் மருந்தைத் தின்ன ஓரளவு உயிருள்ள மண்ணும் இருக்கிறது. ஆனால் விவசாயியை முன்னே நிறுத்தி அவர் முதுகுக்குப் பின்னால் நாம் ஒளிந்துகொள்கிறோமே, அதைத்தான் கேட்கிறேன். காலி மனையில் என்ன விளைகிறது? சிமெண்டு முற்றத்தில் எந்தப் பயிர் காய்ந்துவிடும்? அலுவலக வளாகத்தில் புல் இருந்தால் எந்தக் குடும்பம் பட்டினி கிடக்கும்? மருந்தைத் தின்னும் உயிர் மிகக் குறைந்த இடத்தில், தேவையே இல்லாத காரியத்துக்கு, அளவே இல்லாமல் அடிப்பவர்கள் நகரத்து நாம்தான்.

பிள்ளைகளைப் பார்க்கப் பாரிசுக்குப் போய்வரும் நம் ஊர்ப் பெரியவர்கள் ஒரு குறை சொல்வார்கள். "முன்ன மாதிரி இல்லப்பா, நடைபாதையிலயே புல்லு முளைச்சுக் கிடக்கு, சுத்தம் பண்ண ஆளில்ல." அது சோம்பேறித்தனம் அல்ல, சட்டம். செனட்டர் ஜோயல் லபே கொண்டுவந்து 2014-ல் நிறைவேறிய சட்டத்தின்படி 2017 ஜனவரி முதல் பூங்காக்களிலும் தெருக்களிலும் நகராட்சி ரசாயனக் களைக்கொல்லி அடிக்கக் கூடாது. 2019 ஜனவரி முதல் வீட்டுத் தோட்டக்காரர்களுக்குக் கடையில் விற்பதே நின்றது. 2022 ஜூலை முதல் கல்லறைத் தோட்டங்களுக்கும் குடியிருப்பு வளாகங்களுக்கும் அது நீண்டது. விவசாயிக்கு அந்தத் தடை இல்லை என்பதைக் கவனியுங்கள். உணவுக்கு அடிப்பது வேறு, அழகுக்கு அடிப்பது வேறு என்று அவர்கள் பிரித்துவிட்டார்கள். அந்தப் பிரிவினையைத்தான் நான் இங்கேயும் கேட்கிறேன்.

என்ன செய்யலாம்? முதலில் நம் கையில் இருப்பது. மனையை ஆண்டுக்கு இரண்டு தரம் வெட்டவிடுங்கள். தோளில் மாட்டிப் புல் வெட்டும் இயந்திரத்தோடு ஆட்கள் வருகிறார்கள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறை போட்டுப் பிடுங்கினால் அடுத்த ஆண்டு பாதியாகும். முற்றத்து இடுக்குக்குக் கொதிநீர் போதும். சிலர் உப்பைக் கொட்டச் சொல்கிறார்கள், வேண்டாம். உப்பு சிதைவதே இல்லை, அதுவும் கிணற்றுக்குத்தான் போகும். கொஞ்சம் புல் இருந்தால்தான் என்ன? மண் ஓடாமல் பிடித்துவைப்பது அந்தப் புல்தான்.

அடுத்தது அரசின் கையில் இருப்பது. குடிநீர் போர்களில் ஆண்டுக்கு ஒரு தரமாவது, குறிப்பாக மழைக்காலம் முடிந்த தையில், களைக்கொல்லிகளையும் அவற்றின் சிதைவுப் பொருள்களையும் சோதித்து, முடிவைக் கொம்யூன் பஞ்சாயத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும். அரசு தானாகச் செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. நமக்கு நேரமும் இருக்கிறது, மனு எழுதும் கையும் இருக்கிறது. பொதுப்பணித் துறைக்கோ உங்கள் கொம்யூன் பஞ்சாயத்துக்கோ நான்கு கேள்வி எழுதுங்கள். எங்கள் பகுதிக் குடிநீர் போரில் அட்ரசின், 2,4-டி, பியூட்டாகுளோர் கடைசியாகச் சோதித்த தேதி என்ன, முடிவு என்ன? கிளைபோசேட்டும் ஆம்பாவும் எப்போதாவது சோதிக்கப்பட்டனவா? அரசு வளாகங்களில் களைக்கொல்லி அடிக்கப்படுகிறதா, என்ன மருந்து, எவ்வளவு? அடிப்பவருக்கு உரிமம் உண்டா? முப்பது நாளில் பதில் வரவேண்டும். 'சோதிக்கப்படவில்லை' என்று வந்தாலும் அது ஒரு பதில்தான், கையெழுத்தோடும் முத்திரையோடும் வரும். அதை வைத்து அடுத்த மனு எழுதலாம்.

நான் என் மனுவை அனுப்பிவிட்டேன். நீங்களும் அனுப்பினால் எண்ணிக்கை கூடும். என்னோடு ஒத்துப்போகாதவர்கள் தாராளமாக மறுத்து எழுதுங்கள், படித்துப் பதில் சொல்கிறேன். 'மண்ணில் பட்டதும் செத்துவிடும்' என்று எழுதுவதாக இருந்தால் மட்டும், எந்த மருந்து, எந்த மண், எத்தனை அடி ஆழம், அதன் பிள்ளை எங்கே போயிற்று என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.